பேச்சில்லாத நாடா

அந்தச் சத்தத்துக்குச் சங்கீதம் என்று பெயர் வைத்தவனைத்தான் முதலில் லாக்கப்பில் போட வேண்டும் என்று நான் சொன்னேன். தேவப்பிரியம் அண்ணாச்சி கண்ணை மூடிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார். நான் சொன்னது காதில் விழவில்லையா, விழுந்தும் விழாதது போல இருந்தாரா என்று தெரியவில்லை. துப்பறியும் தொழிலில் அவருக்கு உதவியாளாகச் சேர்ந்து ஆறு வருஷமாகிறது. இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் எனக்கு இன்னும் பிடிபடவில்லை.

ராயபுரம் மாதா கோயிலுக்குப் பின்னால் ஒரு சந்தில், அருள்நாதன் என்பவன் வீட்டில் நாங்கள் உட்கார்ந்திருந்தோம். அருள்நாதன் ரயில்வேயில் சிக்னல் ஒயர்மேன். முப்பது வயசு, ஒல்லி உடம்பு, ராத்திரித் தூக்கம் போய் ஒரு வாரம் ஆன முகம். மேசைமேல் ஒரு ஜெர்மன் டேப் ரிக்கார்டர். கப்பலில் வந்த ரேடியோ ஆபீசர் ஒருவர் விற்றுவிட்டுப் போனதாம். சாவி கொடுத்தால் சக்கரம் சுற்றும், பேட்டரி போட்டால் குரல் பிடிக்கும், தோளில் மாட்டிக்கொண்டு எங்கே வேண்டுமானாலும் போகலாம்.

மனுஷன் அதில் பாட்டுப் பிடித்திருந்தால் நானே கை தட்டியிருப்பேன். அவன் பிடித்ததெல்லாம் கொருக்குப்பேட்டை யார்டில் கூட்ஸ் வண்டிகள் மோதிக்கொள்ளும் சத்தம், துறைமுகத்தில் சரக்குத் தூக்கும் வின்ச் கிறீச்சிடும் சத்தம், எண்ணெய் மில் இடிக்கிற சத்தம். பிடித்த நாடாவைச் சவர பிளேடால் துண்டு துண்டாக நறுக்குவான். ஒட்டுக் காகிதத்தால் ஒட்டுவான். சில துண்டுகளை வேண்டுமென்றே தலைகீழாக ஒட்டி, மொத்தத்தையும் பாதி வேகத்தில் ஓடவிடுவான். கேட்டால் வயிற்றுக்குள் யாரோ மரப்பெட்டி நகர்த்துவது போல இருந்தது. உட்காரவும் முடியவில்லை, எழுந்து போகவும் கூச்சமாக இருந்தது. நடுவில் ஓரிடத்தில் இரும்பெல்லாம் ஒன்றாய்ப் புரண்டு அடங்கியதும், ஏதோ கப்பல் இழுத்து இழுத்து ஊதியது.

"இந்தக் கப்பலுக்கு ஆஸ்துமா கீது அண்ணாச்சி" என்றேன்.

"அது கப்பல் இல்ல" என்றான் அருள்நாதன். சொல்லிவிட்டு, யாராவது திரும்பி வருகிறார்களா என்பது போல வாசற்படியைப் பார்த்தான்.

நாங்கள் வந்தபோது அந்தப் படியில் சுப்புராஜ் என்று ஒரு தடியன் உட்கார்ந்து வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தான். விலை உயர்ந்த மிஷினுக்குக் காவலாக ராசையா முதலாளி தன்னை அனுப்பியிருப்பதாகச் சொன்னான். சொன்னவன் சங்கீதம் ஆரம்பித்த அரை நிமிஷத்தில் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு, "தெனமும் இதே கர்மந்தாம்பா" என்று முனகியபடி தெருமுனை டீக்கடைக்குப் போய்விட்டான். வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு ரவுடியோடு எனக்குக் கருத்து ஒற்றுமை ஏற்பட்டது.

வந்த காரியத்தைச் சொல்லிவிடுகிறேன். போன வாரம் பெரிய வெள்ளிக்கிழமையன்று, தண்டையார்பேட்டைக் கடலோரத்தில் பழைய கப்பலை உடைக்கும் யார்டு ஒன்றில் தாமஸ் என்பவர் செத்துப்போனார். கிரேன் சங்கிலி கொக்கியோடு அவர் தலைமேல் இறங்கியிருந்தது. யார்டுக்கு இரண்டு கூட்டாளிகள்: ஒருவர் தாமஸ், மற்றவர் ராசையா. லீவு நாளானதால் வாட்ச்மேன் முனிரத்தினம் மட்டும் கேட்டில் இருந்தான். பன்னிரண்டு மணிக்குத் தாமஸை உயிரோடு பார்த்தவர்கள் உண்டு. ஒரு மணிக்குப் பிணமாகக் கிடந்தார். அதற்கு முந்தின வாரந்தான் முனிரத்தினம் அவரிடம் திட்டு வாங்கியிருந்தான். போலீசுக்கு அதற்குமேல் என்ன வேண்டும்? திங்கட்கிழமை அவனைக் கொலைகாரன் என்று கோர்ட்டில் நிறுத்தப் போகிறார்கள். நாங்கள் அருள்நாதன் வீட்டில் உட்கார்ந்திருந்தது சனிக்கிழமை காலை பத்து மணிக்கு.

முனிரத்தினத்தின் மனைவி கோவிந்தம்மா மாதா கோயில் வாசலில் மெழுகுவர்த்தி விற்கிறவள். பொழுது விடியும்போதே எங்கள் அறைக்கு வந்து நின்றாள். தினமும் பன்னிரண்டரைக்குப் புருஷனுக்குச் சோறு எடுத்துப் போவாளாம். அன்றைக்கென்று பார்த்து லேட்டாகிவிட்டதாம். நேரத்துக்குப் போயிருந்தால் அவன் தன்னோடு உட்கார்ந்து தின்றுகொண்டிருந்திருப்பான், இந்தப் பழி வந்திருக்காது என்று தலையில் அடித்துக்கொண்டாள். போகிற போக்கில் இன்னொன்றும் சொன்னாள். துறைமுகத்துப் பித்தளைச் சாமான்கள் திருட்டுத்தனமாகப் படகில் யார்டுக்கு வருவதைத் தாமஸ் கண்டுபிடித்துவிட்டாராம். திங்கட்கிழமை துறைமுக ஆபீசில் சொல்லப் போவதாக முனிரத்தினத்திடம் சொன்னாராம். படகில் கொண்டுவந்தது யார் என்பது கோவிந்தம்மாவுக்கே தெரிந்திருந்தது.

ஆனால் ராசையாவைத் தொட முடியாது. அந்த ஒரு மணி நேரமும் அவர் ராயபுரம் கடற்கரையில் அருள்நாதனோடு சத்தம் பிடித்துக்கொண்டிருந்தார். அதற்கு ஒரு நாடா சாட்சி. மனுஷன் பொய் சொல்வான், மிஷின் சொல்லாது என்று இன்ஸ்பெக்டர் வாயைப் பிளந்துகொண்டு கேட்டாராம்.

டீக் குடித்துத் தெம்பேற்றிக்கொண்டு சுப்புராஜ் திரும்பி வந்ததும் அண்ணாச்சி அந்த நாடாவைப் போடச் சொன்னார். அலைச் சத்தம். காக்கை. பிறகு ராசையாவின் கரகரத்த குரல்: "அருளு, மணி பன்னண்டு ஆவப்போவுது. கோயில் மணிய நல்லா புடிச்சிக்கோ." கொஞ்சம் அலை. அப்புறம் கோயில் மணி, மும்மூன்றாக, கணீர் கணீர் என்று.

உள்ளே சமையலறையில் ஒரு பாத்திரம் தொப்பென்று விழுந்தது. அருள்நாதனின் தங்கை பிலோமி எட்டிப் பார்த்து, கை வழுக்கிவிட்டது என்றாள். முகம் வெளுத்திருந்தது. அண்ணன் சங்கீதத்துக்கு விழாத பாத்திரம் கோயில் மணிக்கு விழுகிறதே என்று கிண்டல் செய்தேன். அவள் சிரிக்கவில்லை.

அண்ணாச்சி நாடாவைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் பார்த்தார். மணிக்கு முன்னால் ஒரு ஒட்டு இருந்தது. அருள்நாதனின் நாடாவில் ஒட்டு இல்லாவிட்டால்தான் சந்தேகப்பட வேண்டும். ராசையா ஒரு மணி வரைக்கும் உன்னோடுதான் இருந்தாரா என்று கேட்டார். இருந்தார் என்று சொன்னான் அருள்நாதன். அதைச் சொல்லும்போது அவன் கண் எங்கள்மேல் இல்லை, சுப்புராஜின் மேல் இருந்தது.

நாங்கள் எழுந்ததும் அவன் சட்டென்று அண்ணாச்சியின் கையைப் பிடித்துக்கொண்டான். "அந்த மொதல் நாடாவ இன்னொரு தபா கேளுங்க சார். முழுசா."

நான் கும்பிடு போட்டுவிட்டு வெளியே ஓடிவந்தேன். பின்னாலேயே பிலோமியும் வந்து, ஒரு வாரமாக அண்ணன் இதையேதான் போடுகிறான் என்றாள். பால்காரன், தபால்காரன், மீட்டர் பார்க்க வந்தவன் யாராயிருந்தாலும் உட்காரவைத்துப் போடுகிறானாம். ஒருத்தரும் முழுசாகக் கேட்டதில்லையாம். இன்னும் என்னவோ சொல்ல வாயெடுத்தாள். சுப்புராஜ் செருப்பைத் தேய்த்துக்கொண்டு வருவதைப் பார்த்து உள்ளே போய்விட்டாள்.

தெருவில் அண்ணாச்சி முன்னால் நடந்தார். மணியக்காரத் தெரு முனையில் கூட்ஸ் வண்டிக்காகக் கேட் மூடியிருந்தது. இன்ஜின் ஊதியது, துறைமுகத்தில் எதுவோ பதில் ஊதியது. எனக்கு எதைக் கேட்டாலும் அந்த நாடாதான் ஞாபகம் வந்தது. நின்ற இடத்தில் நிற்க முடியாமல் கால் மாற்றி நின்றேன்.

"ராசையா சொல்லது நெசந்தான் தாவூது" என்றார் கடைசியில். "அந்த மணி பெரிய வெள்ளி மணி. எங்க நாசரேத்துல அன்னைக்கு இப்பிடித்தான் மூணு மூணா அடிப்பாவ. நான் உபதேசியார் மகன். கோயில் மணியப் பத்தி எனக்கு ஒருத்தன் சொல்லித் தரணுமா?"

சொல்லித் தர வேண்டாம் அண்ணாச்சி, கோவிந்தம்மாவுக்கு மட்டும் நீங்களே சொல்லிவிடுங்கள், என்னால் முடியாது என்றேன். நிஜமாகவே முடியாதுதான். விடிகாலையில் அந்தப் பொம்பளை முந்தானை முடிச்சை அவிழ்த்து எங்களுக்கு டீக்கு நாலணா கொடுத்துவிட்டுப் போயிருந்தாள். அது இன்னும் என் சட்டைப் பையில் கிடந்தது, செலவழிக்க மனசு வரவில்லை.

கோவிந்தம்மா கோயில் சுவரோரம் மெழுகுவர்த்திக் கூடையோடு உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் ஒரு அலுமினியத் தூக்கு. லாக்கப்புக்குக் கொண்டுபோகிற சோறு. அண்ணாச்சி குனிந்து, சங்கடத்தோடு, நாடாவில் கேட்டதைச் சொன்னார். பன்னிரண்டு மணிக்கு ராசையா கடற்கரையில் இருந்திருக்கிறான், கோயில் மணியே சாட்சி சொல்கிறது என்றார்.

கோவிந்தம்மா அவரை ஒரு மாதிரியாகப் பார்த்தாள்.

"இன்னா சாரு பேசறே? அன்னிக்கி ஏது மணி?"

அண்ணாச்சிக்குப் புரியவில்லை. எனக்கு எப்படிப் புரியும்?

"பெரிய வியாழக்கெழம பூசைல அடிச்சிட்டு கட்டி வெச்சிடுவாங்க. அப்பறம் ஈஸ்டர் பூசைக்குத்தான் மணி. நடுவுல மரக்கட்டைய தட்டிகினு போவாங்க, அவ்ளோதான். பதினோரு வருசமா இந்த வாசல்ல குந்திகினு கீறேன் சாரு. மணி அடிச்சாத்தான் எனக்குப் பன்னண்டு. அடிச்சதும் தூக்க எடுத்துகினு கெளம்பிடுவேன். அன்னிக்கி அடிக்காதுன்றத மறந்துபூட்டு, அடிக்கும் அடிக்கும்னு குந்திகினே இருந்தேன். அதனாலதான் சோறு லேட்டாயிட்சி."

அவள் அழவில்லை. ஒரு வாரமாக மனசுக்குள் சொல்லிச் சொல்லித் தேய்ந்துபோன விஷயத்தைச் சொல்கிறவள் போலச் சொன்னாள். ஏன் லேட்டாயிற்று என்று காலையில் நாங்கள் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும். இரண்டு பேருக்கும் தோன்றவில்லை. எனக்கு வெட்கமாக இருந்தது.

அண்ணாச்சியின் காது இரண்டும் சிவந்துவிட்டது. அவர்கள் புராட்டஸ்டண்ட் சபை, இது கத்தோலிக்கக் கோயில். நாசரேத்தில் அடிக்கிற மணி ராயபுரத்திலும் அடிக்கும் என்று நினைத்துவிட்டார். "தாவூது, நான் ஒரு முட்டாப்பய" என்றார்.

"எய்தி கையெயுத்துப் போட்டுக் குடுங்க அண்ணாச்சி. பின்னால ஒதவும்."

அவர் அதைக் கவனிக்கவில்லை. வேறெதையோ யோசித்துக்கொண்டு அங்கேயே நின்றார். பிறகு மெதுவாகச் சொன்னார்: தனக்குத் தெரியாமல் போகலாம், ராசையாவுக்குத் தெரியாமல் போகலாம், இந்தக் கோயில் மணியைக் கேட்டே வளர்ந்த அருள்நாதனுக்குத் தெரியாமல் போகுமா? எனக்கும் உறைத்தது. எங்கள் தெருவில் பாங்கு நேரத்தை யாராவது மாற்றிச் சொன்னால் நடக்கப் பழகும் குழந்தைகூடச் சிரிக்கும். அருள்நாதன் தெரிந்தேதான் மணியை ஒட்டியிருக்கிறான். அவன் பயந்தவன், பொய்க்காரன் அல்ல. வாயால் சொல்ல முடியாததை நாடாவில் சொல்லியிருக்கிறான். கோயில் தெருக்காரர் யாராவது கேட்டால் பிடித்துவிடுவார்கள் என்று காத்திருந்திருக்கிறான். போலீசும் சரி, நாங்களும் சரி, அந்தத் தெருக்காரர்கள் இல்லை. கேட்ட ஒருத்தி பிலோமி. அவள் பாத்திரத்தைத்தான் கீழே போட முடிந்தது.

"அப்படின்னா அந்த மொத நாடா என்னத்துக்கு?" என்றார் அண்ணாச்சி. "அதையும் கேளு கேளுன்னு கையப் புடிச்சானே."

கோவிந்தம்மாவையும் கூட்டிக்கொண்டு சந்துக்குத் திரும்பினோம். சுப்புராஜ் படியை அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். எதற்குத் திரும்பி வந்தீர்கள் என்று கேட்டான். உங்கள் சங்கீதம் மனசைவிட்டுப் போகவில்லை, இந்த அம்மாவுக்கும் கேட்க ஆசை, முழுசாக, பலமாகப் போடச் சொல்ல வந்தோம் என்று அண்ணாச்சி பவ்யமாகச் சொன்னார். சுப்புராஜ் எங்கள் மூவரையும் பைத்தியக்கார ஆஸ்பத்திரி வார்டைப் பார்ப்பது போலப் பார்த்தான். வின்ச் கிறீச்சிட ஆரம்பித்ததும் கடலைப் பொட்டலத்தோடு டீக்கடைக்குக் கிளம்பிவிட்டான். அவனை அந்த இடத்திலிருந்து கிளப்ப இன்ஸ்பெக்டராலும் முடிந்திருக்காது.

அவன் தலை மறைந்ததும் அருள்நாதன் சத்தத்தைக் குறைக்காமலே அண்ணாச்சியின் காதோரம் குனிந்து மளமளவென்று கொட்டினான். பெரிய வெள்ளியன்று யார்டில் வேலை நடக்காது, சங்கிலி காற்றில் ஆடும் சத்தத்தைத் தனியாகப் பிடிக்கலாம் என்று தாமஸிடம் கேட்டுக்கொண்டு, கேட் வழியாக இல்லாமல் கடல் பக்கமாக அவன் உள்ளே போயிருந்தான். ஒரு பழைய பாய்லருக்குள் மைக்கை வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தான். எதையும் பார்க்கவில்லை, கேட்டது மட்டுந்தான். வெளியே வரும்போது படகில் ஏறப்போன ராசையாவின் கண்ணில் பட்டுவிட்டான். மிஷினில் இருக்கும் நாடாவைக் கொடு என்றான் ராசையா. அருள்நாதன் பையிலிருந்த வேறொரு நாடாவை எடுத்துக் கொடுத்தான். வாயைத் திறந்தால் தங்கை வேலையிலிருந்து வீடு திரும்பமாட்டாள் என்று ராசையா சொல்லிவிட்டுப் போனான்.

மறுநாள் சனிக்கிழமை மத்தியானம் அவனைக் கடற்கரைக்கு இழுத்துப் போய், வெள்ளிக்கிழமை பிடித்ததாக ஒரு நாடா தயார் செய்தான். மணி அடிக்கும் என்று காத்திருந்தார்கள். அடிக்கவில்லை.

"மணி அடிக்கிறவன் தூங்கிட்டானான்னு கேட்டான் சார். உங்கைல பழசு இருந்தா எடுத்து ஒட்டுன்னான். ஒட்டிக் குடுத்தேன்." அந்த ஒல்லி முகத்தில் முதல் தடவையாகச் சிரிப்பு மாதிரி ஒன்று வந்து போனது. "சத்தத்துல நான் தப்பு பண்ணமாட்டேன்."

"நிசமான நாடா எங்க?" என்றார் அண்ணாச்சி.

மிஷினில் சுற்றிக்கொண்டிருந்த நாடாவை அருள்நாதன் விரலால் காட்டினான். வெள்ளிக்கிழமை ராத்திரியே அதை இதற்குள் நறுக்கி ஒட்டிவிட்டானாம். சனிக்கிழமை மாலை ராசையா வீட்டுக்கு வந்து இருந்த நாடாவையெல்லாம் ஒவ்வொன்றாகப் போட்டுக் கேட்டானாம். பேச்சுக்குரல் உள்ளதையெல்லாம் அடுப்பில் போட்டான். பேச்சில்லாததை, இது என்ன பேய்க்கூத்து என்று சிரித்துவிட்டு, விட்டுப் போனான். இதையும் விட்டுப் போனான்.

இப்போது அந்த இடம் வந்தது. இரும்பு புரண்டது. ஆஸ்துமாக் கப்பல் ஊதியது. அருள்நாதன் மிஷினை நிறுத்தினான். இரண்டு சக்கரத்தையும் கழற்றி இடம் மாற்றிப் பூட்டினான். நாடா இனிப் பின்னோக்கி ஓடும், தலைகீழாக ஒட்டியது நேராகிவிடும் என்றான். வேகத்தின் குமிழையும் திருகி, பாதியிலிருந்து முழுசுக்குக் கொண்டுவந்தான். நான் காதைப் பொத்திக்கொள்ளவில்லை.

கப்பல் மனுஷனாகிவிட்டது. கொஞ்சம் தள்ளி நின்று, அவசரமில்லாமல், நம்பிக்கையோடு கூப்பிடுகிற குரல்.

"ராசையா, சங்கிலிய வுடாதே. நான் கீழ கீறேன்."

பிறகு சங்கிலி இறங்கியது.

பிலோமி சிலுவை போட்டுக்கொண்டாள். கோவிந்தம்மா தாமஸின் குரலை அடையாளம் தெரிந்துகொண்டு வாயைப் பொத்திக்கொண்டு சுவரில் சாய்ந்தாள். பத்து மணியிலிருந்து நான் கேலி செய்துகொண்டிருந்தது ஒரு மனுஷன் கடைசியாகப் பேசிய பேச்சு. என் நாக்கை அறுத்துப் போட்டாலும் தகும் என்று தோன்றியது.

அண்ணாச்சிதான் முதலில் நிதானத்துக்கு வந்தார். மிஷினைப் போலீஸ் ஜீப் வந்து எடுத்துக்கொள்ளட்டும், நாடா மட்டும் இந்தச் சந்தைத் தாண்டினால் போதும் என்றார். ஆனால் தெருமுனையில் சுப்புராஜ் இருந்தான். அவன் பையையும் மடியையும் தடவிப் பார்க்காமல் யாரையும் விடுவதில்லை, காலையில் என்னையே தடவியிருந்தான். அருள்நாதன் பிளேடை எடுத்தான். அவன் ஆசை ஆசையாக நறுக்கி ஒட்டிய அந்தச் சங்கீதத்தின் நடுவிலிருந்து இரண்டு கஜம் நாடாவை வெட்டி, சின்னச் சக்கரம் ஒன்றில் சுற்றி நீட்டினான். மிச்சத்தை அப்புறம் ஒட்டிக்கொள்ளலாம் என்று நான் ஆறுதல் சொன்னேன். இனி ஒட்டமாட்டேன், அந்த ஓட்டை அப்படியே இருக்கட்டும் என்றான்.

கோவிந்தம்மா யாரையும் கேட்கவில்லை. தூக்கைத் திறந்தாள். உள்ளே இருந்த சோற்றை ஒரு தட்டில் கொட்டி, வெறும் அடியில் வாழையிலைத் துண்டு வைத்து, அதன்மேல் நாடாவை வைத்தாள். மேலே இன்னொரு இலை. அதற்குமேல் சோறு, குழம்பு. மூடியை அழுத்தி மூடினாள்.

அவள் முன்னால் போக, நாங்கள் பத்தடி பின்னால் போனோம். டீக்கடையில் சுப்புராஜ் எழுந்து கையை நீட்டி அவளை நிறுத்தினான். கூடையைக் கிளறினான், மெழுகுவர்த்திகளைப் புரட்டினான். தூக்கின் மூடியைத் திறந்து மோந்து பார்த்தான். "மீன் கொயம்பா?" என்றான். நான் சட்டைப் பைக்குள் அந்த நாலணாவை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

அப்போது மாதா கோயில் மணி அடித்தது. மும்மூன்றாக, கணீர் கணீர் என்று.

கோவிந்தம்மா அவன் கையிலிருந்து மூடியை வாங்கித் தூக்கை மூடினாள்.

"வழி வுடு நைனா. மணி அடிச்சிட்சி. என் வூட்டுக்காரருக்கு சோறு எடுத்துகினு போவணும்."

அவன் வழி விட்டான். அவள் போலீஸ் ஸ்டேஷன் பக்கமாக நடக்க ஆரம்பித்தாள், ஒரு நிமிஷங்கூட லேட்டாக்காமல்.